மேற்கு ஜன்னல், தலைக்கு மேல அட்டாலி, பக்கத்துல வார்ட்ரோப்: பகல்ல தூங்க முழு இருட்டு வேணும், எந்த பிளைண்ட்?

நூல்மில்வாசி
வணக்கமுங்க. வீடு சோமனூர் பக்கம், மேல்மாடி. வீட்டுல ரெண்டு பேருக்கும் நைட் ஷிஃப்ட். காலையில 8 மணியிலிருந்து மதியம் 3 வரைக்கும் ரூம் இருட்டா இருக்கணும். ஏசி இல்லை, ஃபேன் மட்டும். சுவர் 9 இஞ்ச் செங்கல். ஜன்னல் விவரம்:

மேற்கு: 5 அடி அகலம், 4 அடி உயரம். யூபிவிசி ஸ்லைடிங், கிரில் வெளிப்பக்கம். ஃபிரேமிலிருந்து உள்சுவர் விளிம்பு வரை மூணே கால் இஞ்ச் ஆழம். கைப்பிடி ஒண்ணே கால் இஞ்ச் துருத்திக்கிட்டு இருக்கு. ஜன்னலுக்கு மேல 5 இஞ்ச்லயே அட்டாலி ஸ்லாப். இடது பக்கம் வார்ட்ரோப், ஜன்னல் விளிம்போட ஒட்டி.

வடக்கு: 3க்கு 4 அடி, பழைய மரஜன்னல். கதவு வெளியே திறக்கும், ஃபிரேம் உள்சுவரோட மட்டமா இருக்கு, அதுமேல வெல்க்ரோ கொசுவலை. கீழே சிமெண்ட் படி 1 இஞ்ச் முன்னால நிக்குது.

கிழக்கு: மாடிப்படி பக்கம் 24க்கு 18 இஞ்ச் வென்டிலேட்டர்.

கடையில ஜீப்ரா பிளைண்ட் காட்டுறாங்க, "முழு பிளாக்அவுட்"ன்னு சொல்றாங்க. நம்பி வாங்கலாமுங்களா?

கொங்குத்தச்சன்
ஜீப்ரா வேண்டாமுங்க. அதுல துணியும் வலையும் பட்டை பட்டையா மாறி மாறி வரும், முன்னும் பின்னும் ரெண்டு அடுக்கு. முன் அடுக்குப் பட்டை பின் அடுக்கு வலையை மறைக்கும்போது ஒண்ணுமேல ஒண்ணு ஏறுறது கொஞ்சந்தான். பட்டைத் துணி எவ்வளவு கெட்டியா இருந்தாலும் ஒவ்வொரு ஓரத்துலயும் கோடு கோடா வெளிச்சம் வரும். ஹாலுக்கு அழகு, பகல் தூக்கத்துக்கு உதவாது. பட்டை செங்குத்தாத் தொங்குற வெர்டிகல் பிளைண்டும் அப்படித்தான். பட்டை படுக்கையா அடுக்கியிருக்கிற வெனிஷியன்ல அதைத் தூக்குற நூல் போற துளையெல்லாம் வெளிச்சம்.

உங்களுக்கு ஒரே துணி குழாய்ல சுத்தி ஏறுற ரோலர் பிளைண்ட்தான். ஆனா ஒண்ணு மனசுல வெச்சுக்குங்க: நல்ல பிளாக்அவுட் துணி வழியா வெளிச்சம் வராது, ஓரத்து வழியாத்தான் வரும். துணிக்கு எவ்வளவு யோசிக்கிறீங்களோ அதுக்கு ரெண்டு பங்கு ஓரத்துக்கு யோசிக்கணும். ரோலர்ல துணியோட அகலம் எப்பவுமே பிராக்கெட் அகலத்தைவிடக் குறைவு. பிளைண்டோட மொத்த அகலத்துல 30லிருந்து 40 மி.மீ. வரை துணி இருக்காது. ஏத்தி இறக்குற செயின் பக்கம் இடைவெளி சித்த கூட, மறுபக்கம் சித்த கம்மி. மேற்கு வெய்யில் அந்த 15, 20 மி.மீ. சந்துல நுழைஞ்சா ரூம் முழுக்கக் கண்ணு தெரியும்.

நூல்மில்வாசி
அப்போ சந்தை எப்படி அடைக்கிறதுங்க? ஜன்னல் குழிக்கு வெளியே சுவர்மேல மாட்டலாம்னா இடது பக்கம் வார்ட்ரோப் தடுக்குது.

கொங்குத்தச்சன்
மேற்கு ஜன்னலுக்கு வெளிமாட்டு முடியாதுங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் 4 இஞ்ச் சுவர் வேணும், உங்களுக்கு இடதுல ஒண்ணுமே இல்லை. உள்மாட்டுதான், ஜன்னல் குழிக்குள்ளயே.

முதல்ல ஆழம் பத்துமான்னு பார்ப்போம். மூணே கால் இஞ்ச்னா 82 மி.மீ. 38 மி.மீ. குழாய்ல அரை மி.மீ. தடிமன் துணி 4 அடி சுத்தினா ரோல் 47 மி.மீ. தடிமன் வரும். பிராக்கெட்டோட சேர்த்து 65 மி.மீ. கேட்கும். 82ல உக்காந்துரும். அடுத்தது கைப்பிடி. அது ஒண்ணே கால் இஞ்ச், அதாவது 32 மி.மீ. கைப்பிடி ஜன்னல் நடுவுல இருக்கு, ரோல் உச்சியில இருக்கு, அதனால ரோல் மோதாது. மோதுறது துணிதான். சாதாரணமா துணி ரோலுக்குப் பின்னால, கண்ணாடியை ஒட்டி இறங்கும். அப்படி மாட்டினா கைப்பிடியில துணி உரசி, கோட்டிங் அந்த இடத்துல வெள்ளையா உரிஞ்சு, சீக்கிரத்துலயே பொட்டுப் பொட்டா ஓட்டை விழும். அதனால "ரிவர்ஸ் ரோல்"னு எழுதிக் கொடுங்க. துணி ரோலுக்கு முன்னால இறங்கும், ஃபிரேமிலிருந்து 55 மி.மீ.க்கு மேல தள்ளி நிக்கும். கைப்பிடியைத் தாண்டிப் போயிடும்.

அளவு எடுக்கிறது: அகலம் மேல, நடு, கீழன்னு மூணு இடத்துல எடுங்க, மூணுல சின்னதை வெச்சுக்குங்க. பூச்சு வேலையில அரை இஞ்ச் வரைக்கும் கூடக்குறைய இருக்கும். உயரமும் மூணு இடம், அதுல பெருசு. மூலைக்கு மூலை ரெண்டு குறுக்களவும் எடுத்துப் பாருங்க. ரெண்டுக்கும் கால் இஞ்ச்க்கு மேல வித்தியாசம்னா ஜன்னல் கோணல். அப்போ பிராக்கெட்டை ஜன்னல் விளிம்பைப் பார்த்து மாட்டக் கூடாது, ரசமட்டம் வெச்சு மாட்டணும்.

இன்னொண்ணு, ஆர்டர் எழுதும்போது "ஜன்னல் குழி அளவு" கொடுக்கிறீங்களா, "பிளைண்ட் அளவு" கொடுக்கிறீங்களான்னு தெளிவா எழுதுங்க. நீங்களும் ஒரு தடவை கழிச்சு, கடைக்காரரும் ஒரு தடவை கழிச்சா பக்கத்துக்கு அரை இஞ்ச் கூடுதல் சந்து. அதிகமா நடக்கிற தப்பு இதுதான். எழுதும்போது இஞ்ச், நூல் வேண்டாம், மி.மீ.ல எழுதுங்க. ஒரு நூல்னா 3 மி.மீ., ரெண்டு பக்கமும் ரவுண்ட் பண்ணினாப் போச்சு.

அலுமினியக்காரர்
பக்கச் சந்துக்கு வழி சொல்றேனுங்க. அலுமினிய செக்‌ஷன் விக்கிற கடையில எல்-ஆங்கிள் வாங்குங்க. 1 இஞ்ச் ஆங்கிள் பத்தாது. சந்தே 17 மி.மீ., 25ல அது போக துணிமேல ஏறுறது 8தான், காத்துல துணி ஆடினா விலகிரும். ஒன்றரை இஞ்ச் வாங்குங்க, துணிமேல 20 மி.மீ. ஏறும். கறுப்பு பவுடர் கோட்டிங் இருந்தா நல்லது. பளபள அலுமினியம் வெளிச்சத்தைத் தட்டி உள்ளே அனுப்பும். ஆங்கிளோட உள்பக்கம் ஸ்லைடிங் ஜன்னல் சந்துல ஒட்டுற வுல் பைல், அதாவது ரோமப் பட்டை, ஒட்டுங்க, கறுப்புல. துணியும் ஆங்கிளும் தொடுற இடம் மெத்துன்னு அடைஞ்சுக்கும்.

ஆங்கிளை துணிக்கு ஜன்னல் பக்கம் வைக்கிறதுதான் சுலபம். துணியோட கீழ் முனையில இருக்கிற அடிப்பட்டை முன்னால தடையில்லாம ஏறி இறங்கும், மாட்டுறதும் சீக்கிரம் முடியும்.

உடுமலைக்காத்து
அந்தக் கடைசி வரிக்கு மட்டும் மறுப்பு சொல்றேனுங்க. நம்ம பக்கம் வைகாசி பிறந்தா பாலக்காட்டுக் கணவாய் காத்து ஆரம்பிச்சிரும், ஆவணி புரட்டாசி வரைக்கும் ஓயாது. அத்தனையும் மேக்கால இருந்து வர்ற காத்து. இவங்க ஜன்னலும் மேக்கால. ஸ்லைடிங் ஜன்னலை முழுக்கச் சாத்தினாலும் ட்ராக் வழியா காத்து உள்ளே வரும். துணியை ரூம் பக்கம் தள்ளும். ஆங்கிள் ஜன்னல் பக்கம் இருந்தா துணி அதை விட்டு விலகும், ஒவ்வொரு தடவை காத்தடிக்கும்போதும் பக்கத்துல வெளிச்சம் மின்னும். ஆங்கிளை ரூம் பக்கம் வெச்சா அதே காத்து துணியை ஆங்கிள்மேல அழுத்தும். காத்து கூடக்கூட அடைப்பு இறுகும்.

அலுமினியக்காரர்
நியாயந்தானுங்க. ஆனா ரூம் பக்கம் வெச்சா ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, ஆங்கிள் பிராக்கெட்டுக்குக் கீழே இருந்துதான் ஆரம்பிக்கணும், இல்லேன்னா ரோலைக் கழட்டவே முடியாது. ரெண்டு, அடிப்பட்டை துணியைவிடத் தடிமன், 10, 12 மி.மீ. இருக்கும். அதனால ஆங்கிளுக்கும் துணிக்கும் நடுவுல அந்த அடிப்பட்டை போற அளவு இடம் விடணும், அந்த இடத்தை வுல் பைல் நிரப்பணும். உயரமான பைல் கேட்டு வாங்குங்க. இவங்க குழியில ரிவர்ஸ் ரோல், துணி முன்னால வருது. 82ல துணி 58ல நின்னா மிச்சம் 24 மி.மீ. அதுக்குள்ள ஆங்கிள் வரும். சிலிக்கான் மட்டும் போட்டு ஒட்டாதீங்க, சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடிச்ச சுவர்ல பெயிண்டோட உரிஞ்சு வந்துரும். அடிக்கு ஒரு ஸ்குரூ.

சாதாரண பைலுக்கு பதிலா, துணியோட ஓரத்தையே பிடிச்சு ஓடுற ஜிப் சேனல் பிளைண்டும் இருக்கு. காத்துக்கு அசையாது. விலை ரொம்ப கூட. குழி மட்டமா இல்லேன்னா சிக்கிக்கும். கோணல் ஜன்னலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நூல்மில்வாசி
ரூம் பக்கமே வைக்கிறேனுங்க. மேல் சந்து? ரோலுக்கும் குழியோட மேல்தட்டுக்கும் நடுவுல வெளிச்சம் வராதுங்களா?

கொங்குத்தச்சன்
வரும். அது ரொம்பப் பேரு கவனிக்காத இடம். கண்ணாடியிலிருந்து மேல ஏறுற வெளிச்சம் குழியோட வெள்ளை மேல்தட்டுல பட்டு, அட்டாலி அடிப்பக்கத்துல பட்டு, ரூம் முழுக்கப் பரவும். கேசட் வெச்ச பிளைண்ட் கேளுங்க. ரோலை மூடுற அலுமினியப் பெட்டி அது. உங்க ஆழத்துக்கு கேசட் நீளுதுன்னா சும்மா ரோலை மாட்டி, முன்னால அட்டாலி ஸ்லாப்பிலிருந்து 12 மி.மீ. பிளைவுட்ல பெல்மெட், அதாவது மறைப்புப் பலகை, ஒண்ணு இறக்கிருங்க. ஸ்லாப் 5 இஞ்ச் மேல இருக்கு, பெல்மெட் 8 இஞ்ச் இறங்கினா ஜன்னல் விளிம்பைத் தாண்டி 3 இஞ்ச் மறைக்கும். உங்களுக்குத் தொல்லையா இருக்கிற அட்டாலி இங்கே உதவியா வந்துருது, பெல்மெட்டுக்கு மேல்மூடி தனியா வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் செலவில்லாதது. குழியோட நாலு பக்கச் சுவரும் வெள்ளை பெயிண்டா இருந்தா வெளிச்சம் சுவருக்குச் சுவர் தட்டித் தட்டி உள்ளே வரும். துணிக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இருக்கிற அந்த ரெண்டு இஞ்ச் பட்டையை மட்டும் பளபளப்பில்லாத கருஞ்சாம்பல்ல அடிச்சு விடுங்க. பிளைண்டை ஏத்தினாத்தான் தெரியும். கீழே கிரானைட் படியா இருந்தா அதுவும் கண்ணாடி மாதிரித்தான். அடிப்பட்டைக்கு அடியில பிரஷ் வெச்சது வாங்கி, படியில உக்கார விடுங்க.

துளை போடும்போது: ஜன்னல் மேல லிண்டல் கான்கிரீட். சாதா டிரில் ஏறாது, ஹேமர் டிரில் வேணும். பூச்சு மட்டுமே 12 மி.மீ. இருக்கும், பிளைண்டோட கொடுக்கிற 25 மி.மீ. ஸ்குரூ போட்டா கான்கிரீட்டுக்குள்ள பாதிதான் போகும். 40 மி.மீ. ஸ்குரூ, 6 மி.மீ. பிளக். டிரில் சட்டுனு நின்னு கம்பியில மோதுற சத்தம் கேட்டா அழுத்தாதீங்க, அரை இஞ்ச் தள்ளிப் போடுங்க.

கரூர்த்துணிக்காரி
துணியைப் பத்தி யாரும் விரிவாச் சொல்லலை, அதனால சொல்றேனுங்க. கடையில "பிளாக்அவுட்"னு சொல்றதுல பாதி டிம்அவுட்தான். நெசவுல நடுவுல கறுப்பு நூல் போட்டு நெருக்கி நெய்தது டிம்அவுட். தொட்டா மெதுவா துணி மாதிரியே இருக்கும், நல்லாத் துவைக்கலாம், ஆனா நேர்வெய்யில் பட்டா பொடி வெளிச்சம் வரும். கோட்டிங் போட்டது வேற. துணிமேல வெள்ளை, கறுப்பு, வெள்ளைன்னு மூணு பூச்சு. மூணு பாஸ்னு கேட்கணும். ரெண்டு பாஸ்ல கறுப்பு, அதுமேல வெள்ளைன்னு ரெண்டே பூச்சு, வெளிர் துணின்னா கறுப்பு முன்பக்கம் சாம்பலாத் தெரியும்.

கடையில சோதிக்கிறது: செல்போன் டார்ச்சை துணியோட ஒட்டி வெச்சு அழுத்திப் பிடிச்சு, மறுபக்கம் கையைக் குவிச்சு பாருங்க. டிம்அவுட்னா வட்டமா மங்கல் வெளிச்சம். நல்ல கோட்டிங்னா ஒண்ணுமே தெரியாது. ஊசிமுனை மாதிரி புள்ளிகள் தெரிஞ்சா கோட்டிங் சரியா ஏறாத சுருள், அதுல வெட்ட வேண்டாம்னு சொல்லுங்க. அப்புறம் ஒரு ஓரத்தை இறுக்கி மடிச்சு, நகத்தால நீவி, மறுபடி டார்ச் வெச்சுப் பாருங்க. மடிப்புக் கோட்டுல வெளிச்சம் வந்தா கோட்டிங் வெடிக்கிற ரகம். ஏற்றுமதி மிச்சம்னு கரூர்ல கிடைக்கிறதுலயும் இப்படிப் பார்த்துத்தான் எடுக்கணும், மடிச்சு அடுக்கி வெச்சிருந்த துணியில மடிப்பெல்லாம் கோடா விழுந்திருக்கும்.

வெள்ளைப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கணும். மேக்கு வெய்யிலுக்கு இது ரொம்ப முக்கியம். கறுப்பு பார்த்தா வெய்யிலைக் குடிச்சு துணியே அடுப்பாயிடும்.

பெருந்துறைவாடகை
இடையில வர்றேனுங்க. எங்களுக்கு வாடகை வீடு, சுவர்ல துளை போட ஓனர் விட மாட்டாங்க. 4க்கு 4 மரஜன்னல், கிரில் மரச்சட்டத்துக்கு உள்ளே. கறுப்பு ஸ்டிக்கர் ஷீட்டை கண்ணாடிமேல ஒட்டிரலாமான்னு யோசிக்கிறோம்.

அலுமினியக்காரர்
நேர்வெய்யில் படுற கண்ணாடிமேல கறுப்பு ஒட்டாதீங்க. கண்ணாடி நடுப்பகுதி கொதிக்கும், சட்டத்துக்குள்ள மறைஞ்சிருக்கிற ஓரம் குளிர்ச்சியா இருக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல சாதாக் கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் விடும். சூடேத்தி உறுதியாக்கின டஃபன்ட் கண்ணாடி தாங்கும், பழைய மரஜன்னல்ல அது இருக்காது. அலுமினிய ஃபாயிலை உள்பக்கம் ஒட்டுறதும் அதே ஆபத்துதான்.

கொங்குத்தச்சன்
வாடகைக்கு நல்ல வழி இருக்குங்க. நம்ம ஜன்னல்ல இரும்பு கிரில் இருக்கே, காந்தம் ஒட்டும். 5 மி.மீ. சன்போர்டு, அதாவது கனமில்லாத ஃபோம் பலகை, வாங்குங்க. வெள்ளை சன்போர்டு மட்டும்னா வெளிச்சம் ஊடுருவும், அதனால ரூம் பக்கம் கறுப்பு சார்ட் பேப்பரோ கோட்டிங் துணியோ ஒட்டிரணும். வெள்ளைப் பக்கம் வெளியே பார்க்கணும். 4க்கு 4ஐ ஒரே பலகையா வெட்டாதீங்க, வளையும். ரெண்டு பலகை, ஒண்ணு 2 அடி அகலம், இன்னொண்ணு 2 அடி 2 இஞ்ச் அகலம், நடுவுல 2 இஞ்ச் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுற மாதிரி. கிரில் கம்பி எங்கே வருதோ அந்தந்த இடத்துல நியோடிமியம் காந்தம், பலகைக்கு 6. ஓரம் முழுக்க கறுப்பு ஃபோம் டேப், பலகையை மரச்சட்டத்தைவிட ஒரு நூல் சின்னதா வெட்டினா டேப் அமுங்கி அடைச்சுக்கும். காந்தத்தை சூப்பர் குளூவால ஒட்டாதீங்க, வெய்யில் சூட்டுல விட்டுரும். எபாக்சி பூசுங்க. உங்க கிரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா முதல்ல ஒரு காந்தம் வெச்சுப் பாருங்க, பெரும்பாலும் ஒட்டாது.

நேரா வெட்ட வராத வடிவம், அரைவட்டம், வளைவுன்னா முதல்ல நியூஸ் பேப்பரை ஜன்னல்ல அழுத்தி, விரலால ஓரத்தை நீவி அச்சு எடுங்க. அந்த அச்சுல அட்டை வெட்டி மாட்டிப் பார்த்துட்டு, அப்புறம் சன்போர்டை வெட்டுங்க.

பெருந்துறைவாடகை
வெல்க்ரோவுல துணி ஒட்டினா?

கொங்குத்தச்சன்
வெல்க்ரோவோட சொந்தப் பசை சித்திரை வெய்யில்ல இளகிரும், துணி கனத்துல நழுவி விழும். மரச்சட்டத்துல ஸ்டேப்ளர் பின் அடிக்க ஓனர் ஒத்துக்கிட்டா 4 இஞ்ச்க்கு ஒரு பின். இல்லேன்னா காந்தம்தான்.

நூல்மில்வாசி
வடக்கு ஜன்னலுக்கு வர்றோமுங்க. வடக்குதானே, வெய்யிலே படாது, சாதா கர்ட்டன் போதுமுங்களா?

உடுமலைக்காத்து
படுமுங்க. நம்ம ஊரு ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு. பங்குனி முதல் வாரம் கழிஞ்சதிலிருந்து பொழுது கிழக்குக்கு வடக்கே தள்ளித்தான் கிளம்பும். ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரைக்கும் உச்சிப் பொழுதே நமக்கு வடக்கால நிக்கும். நீங்க படுக்கிற காலை 8 மணிக்கு வெய்யில் சாய்ஞ்சு வந்து வடக்கு ஜன்னல்ல விழும். சாய்ஞ்ச வெய்யிலை சன்ஷேட் தடுக்காது.

கரூர்த்துணிக்காரி
அங்கே சுவர் இருக்கே, வெளிமாட்டு ரோலரோ, சுவர் வரைக்கும் வளைஞ்சு போற கம்பியில கர்ட்டனோ போடலாம். வளையம் வெச்ச சாதா ராடு வேண்டாம். சுவரிலிருந்து 3 இஞ்ச் தள்ளி நிக்கும், பக்கவாட்டுல ஒரு பெரிய சந்து, மேல வளையத்துக்கு வளையம் ஒரு சந்து. ரெண்டு முனையும் வளைஞ்சு சுவர்ல முட்டுற ராடு கேளுங்க, கர்ட்டன் ஓரம் சுவரைத் தொட்டு நிக்கும். ரெண்டு பக்கமும் 6லிருந்து 8 இஞ்ச் கூடுதல் அகலம், மேல 6 இஞ்ச், கீழே தரை வரைக்கும். பிளாக்அவுட்டுக்கு ரெண்டு மடங்கு சுருக்கம் வேண்டியதில்லை, ஒன்றரை மடங்கு போதும்.

தைக்கிறதுல கவனம். கோட்டிங் துணியில ஊசி போன துளை மூடிக்காது. தப்பாத் தைச்சுப் பிரிச்சா துளை வரிசை அப்படியே நிக்கும், இருட்டு ரூம்ல நட்சத்திரம் மாதிரித் தெரியும். 11 நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மி.மீ.க்கு வைக்கச் சொல்லுங்க. ஜாயிண்ட் வந்தா அது சுருக்கத்துக்குள்ள மறையற மாதிரி வைக்கணும், தையல் மேல கோட்டிங் பக்கமா துணிப் பசை ஒரு கோடு ஓட்டிரணும். குச்சி வெச்சு மடிப்பு மடிப்பா ஏறுற ரோமன் பிளைண்ட் வேண்டாம்னு சொல்றதும் இதனாலதான். குச்சி போற ஒவ்வொரு பையும் ஒரு தையல் வரிசை. அயர்ன் துணிப் பக்கம் மட்டும், குறைஞ்ச சூடு. கோட்டிங் பக்கம் வெச்சா பெட்டியோட ஒட்டி வந்துரும். வாஷிங் மெஷின்ல போடவே கூடாது.

ஆனா உங்க ஏரியா விசைத்தறி ஏரியா, பஞ்சுத் தூசி கர்ட்டன் மடிப்புல வந்து உக்காரும். துவைக்கவும் முடியாது. அதனால இந்த ஜன்னலுக்கும் ரோலர்தான் நல்லது, ஈரத்துணியால துடைச்சாப் போதும்.

கொங்குத்தச்சன்
ரோலர்னா வடக்குக்கு அளவு: அகலம் 3 அடி கூட பக்கத்துக்கு 4 இஞ்ச், மொத்தம் 3 அடி 8 இஞ்ச். உயரம் 4 அடி கூட மேல 4, கீழே 3, மொத்தம் 4 அடி 7 இஞ்ச். இங்கே ரிவர்ஸ் ரோல் கூடாது. துணி சுவரை ஒட்டி இறங்கணும், சுவருக்கும் துணிக்கும் இடைவெளி எவ்வளவு கூடுதோ அவ்வளவு பக்கத்துல ஒழுகும். ஆனா உங்களுக்குப் படி 1 இஞ்ச் நீட்டிக்கிட்டு இருக்கு, சும்மா மாட்டினா அடிப்பட்டை படியில தட்டி மேலயே நிக்கும். பிராக்கெட்டுக்குப் பின்னால 18 மி.மீ. பிளைவுட் கட்டை வெச்சு மாட்டுங்க. துணி சுவரிலிருந்து 33 மி.மீ. தள்ளி இறங்கும், படியைத் தாண்டும், வலையோட உரசாது. கட்டையை பிராக்கெட்டுக்கு மட்டும் வைக்காம முழு அகலத்துக்கும் ஒரே பட்டையா வெச்சா மேல்சந்தும் அடைஞ்சுரும். பக்கத்துல அதே கட்டையில நிக்கிற மாதிரி ரெண்டு பட்டை மேலிருந்து கீழ. அப்போ சுவரிலேயே ஒரு சட்டம் கட்டினது போல ஆயிடும்.

காந்திபுரம்ஃபிளாட்
எங்க ஃபிளாட்ல எல் வடிவ மூலை ஜன்னல், ரெண்டு கண்ணாடியும் மூலையில ஒண்ணோட ஒண்ணு முட்டுது, நடுவுல தூணே இல்லை. ரெண்டு ரோலர் போட்டா மூலையில முட்டிக்குமே?

அலுமினியக்காரர்
ஒண்ணை மூலை வரைக்கும் கொண்டு போங்க. இன்னொண்ணை முதல் பிளைண்டோட தடிமன் அளவு, 65லிருந்து 70 மி.மீ., முன்னாலயே நிறுத்துங்க. ரெண்டுலயும் செயின் மூலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும், ஏன்னா செயின் இல்லாத பக்கம்தான் சந்து சின்னது. மிச்சமிருக்கிற சந்துக்கு மூலையில ரெண்டு துணி ஓரத்தையும் எட்டுற அகலத்துல ஒரு எல்-ஆங்கிள், கறுப்புல, மேலிருந்து கீழ வரைக்கும் கண்ணாடி ஃபிரேம்ல நிறுத்திருங்க. ரெண்டு துணியோட ஓரமும் அதுமேல வந்து நிக்கும்.

அகலம் 6 அடியைத் தாண்டினா 38 குழாய் வேண்டாம், நடுவுல தொய்ஞ்சு துணியில 'வி' மாதிரி சுருக்கம் விழும். 45 அல்லது 50 கேளுங்க.

நூல்மில்வாசி
கடைசியா காத்துங்க. எல்லாத்தையும் அடைச்சா ஏசி இல்லாம எப்படிப் படுக்கிறது? வென்டிலேட்டரையும் மூடணுமா?

உடுமலைக்காத்து
வென்டிலேட்டரை மூட வேண்டாம், ஒளி மறிக்கிற பெட்டி கட்டுங்க. காத்து திரும்பித் திரும்பிப் போகும், வெளிச்சம் ஒவ்வொரு திருப்பத்துலயும் கறுப்புச் சுவர்ல பட்டு அழியும். போட்டோ கழுவுற இருட்டறையில இதைத்தான் செய்வாங்க.

6 மி.மீ. பிளைவுட்ல 24 அகலம், 18 உயரம், 10 இஞ்ச் ஆழம் உள்ள பெட்டி. உள்ளே ரெண்டு தட்டி. முதல் தட்டி மேலிருந்து 15 இஞ்ச் தொங்கும், கீழே 3 இஞ்ச் திறப்பு. ரெண்டாவது தட்டி அதுக்கு 3 இஞ்ச் பின்னால, கீழிருந்து 15 இஞ்ச் எழும்பும், மேல 3 இஞ்ச் திறப்பு. உள்ளே எல்லாப் பரப்பும், தட்டி ரெண்டு முகமும், ஓரமும் கரும்பலகை பெயிண்ட் ரெண்டு கோட். பளபள எனாமல் அடிச்சா முழு வேலையும் வீண். திறப்பு 24க்கு 3, அதாவது 72 சதுர இஞ்ச். 9 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் வாய் 64 சதுர இஞ்ச்தான். அதனால காத்து நெருக்கடி இல்லாமப் போகும். ஃபேனை ரூம் பக்கம் மாட்டி வெளியே தள்ள விடுங்க. தட்டியைக் கழட்டுற மாதிரி காடியில சொருகுங்க, தூசி தட்ட வேணும்.

உள்ளே வர்ற காத்து எங்கேயிருந்துன்னு யோசிக்கணும். பங்குனி, சித்திரையில மத்தியானம் வெளிக்காத்து கொதிக்கும், ஜன்னல் வழியா இழுத்தா ரூம் இன்னும் சூடாகும். ஹாலிலிருந்து இழுங்க. கதவுக்கு அடியில ஒரு இஞ்ச் சந்து விட்டாலே ஓரளவு வரும். ஹால் வெளிச்சம் வந்தா கதவுக்கு வெளியே தரைவரைக்கும் ஒரு திரை. இந்தக் காத்து பத்தலைன்னா கதவுல கீழே லூவர், அதாவது சாய்வுப் பட்டை வெச்ச காத்துத் திறப்பு.

வெக்கையைக் குறைக்கிறது உள்பக்க பிளைண்டோட வேலை இல்லைங்க. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெய்யில்ல பெரும்பகுதி உள்ளேயேதான் சூடாகும். மேக்கு ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேட்டிலிருந்து மூங்கில் தட்டியோ நிழல் வலையோ தொங்க விடுங்க. சூடு கண்ணாடிக்கே வராது. காத்து மாசத்துல கீழ் முனையை ரெண்டு பக்கமும் கிரில்ல கட்டுங்க, இல்லேன்னா கண்ணாடியில அடிச்சுக்கிட்டே இருக்கும், தூங்கவே முடியாது.

நூல்மில்வாசி
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மாட்டினதுக்கப்புறம் சரியா அடைஞ்சுதான்னு எப்படிப் பார்க்கிறது?

கொங்குத்தச்சன்
நேர்வெய்யில் அந்த ஜன்னல்ல படுற நேரம் பார்த்து உள்ளே போங்க. மேக்குக்கு மதியம் 2 மணிக்கு மேல, வடக்குக்கு காலை 8. எல்லா லைட்டும் அணைச்சு 10 நிமிஷம் உக்காருங்க, கண்ணு பழகினாத்தான் ஒழுக்கு தெரியும். செல்போன் நைட் மோட்ல ஜன்னலைப் படம் எடுத்தா கண்ணுக்குத் தெரியாததும் கோடாத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து பைல் ஒட்டுங்க.

முதல் வாரத்துலயே துணி ஒரு பக்கமா ஏறி சுத்துதுன்னா முதல்ல ரசமட்டம் பாருங்க. பிராக்கெட் மட்டமா இருந்தும் ஏறினா, பிளைண்டை முழுக்க இறக்கி, துணி எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதிர்ப்பக்க முனையில குழாய்மேல ஒரு இஞ்ச் மாஸ்கிங் டேப் ஒரு சுத்து ஒட்டுங்க. பத்தலைன்னா இன்னொரு சுத்து. ஆங்கிளுக்குள்ள ஓடுற துணிக்கு இது முக்கியம், விட்டுட்டா ஓரம் ஆங்கிள்ல உரசிப் பிரியும்.

கரூர்த்துணிக்காரி
வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா செயினைத் தொங்க விடாதீங்க. வளையமா இருக்கிற செயின் கழுத்துல மாட்டினா உயிருக்கே ஆபத்து. கூடவே ஒரு கிளிப் கொடுப்பாங்க, அதைச் செயின் விறைப்பா நிக்கிற மாதிரி சுவர்ல ஸ்குரூ போட்டு இறுக்கணும். பல பேரு அதைப் பையிலேயே விட்டுர்றாங்க. கட்டிலையும் செயின் பக்கம் போடாதீங்க. செயினே இல்லாம ஸ்பிரிங்ல ஏறுற ரகமும் இருக்கு, ஆனா உங்க 5 அடி பிளைண்டுக்கு ஸ்பிரிங் நல்ல தரமா இருக்கணும், ஆர்டருக்கு முன்னாடி கடையில அதே அகலத்துல ஒண்ணை ஏத்தி இறக்கிப் பாருங்க.

நூல்மில்வாசி
சரிங்க அக்கா. குழந்தை இருக்கு, ரெண்டு ஜன்னலுக்கும் கிளிப் மாட்டச் சொல்லியே எழுதிக் கொடுத்திடறேன். மேற்குக்கு ரிவர்ஸ் ரோல், குழி அளவு மி.மீ.ல, ஒன்றரை இஞ்ச் கறுப்பு ஆங்கிள் ரூம் பக்கம். வடக்குக்கு சாதா ரோல், 18 மி.மீ. கட்டை. பெட்டிக்குப் பிளைவுட் நாளைக்கே வெட்டிர்றேனுங்க.

கொங்குத்தச்சன்
பிளைவுட் வெட்டும்போது பெல்மெட்டுக்கும் சேர்த்து வெட்டிருங்க தம்பி. பெல்மெட்டோட உள்பக்கமும் அதே கரும்பலகை பெயிண்ட்தான்.